கண்ணை மூடும் கடிகாரம்

என் போனுக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. மனிதனாவது ஒரு வேளை பட்டினி கிடப்பான், போன் கிடக்காது. முன் சீட்டில் இருந்த நான், இரண்டு சீட்டுக்கும் நடுவே இருந்த பெட்டியின் மூடியில் கை வைத்தேன். சார்ஜர் செருகும் ஓட்டை அதற்குள்தான் இருக்கும்.

"அது வேலை செய்யாது தம்பி," என்றார் கார் ஓட்டிக்கொண்டிருந்த அம்மா. சொல்லி முடிப்பதற்குள் அவர் கை மூடியின் மேல் வந்து உட்கார்ந்துவிட்டது.

"அடுத்தவங்க வண்டியில ஏறினா கையைக் காலை அடக்கி வெச்சுக்கடா," என்று பின் சீட்டிலிருந்து குரல் வந்தது. என் அக்கா.

எல்லா வீட்டிலும் அக்கா தம்பியைத் துப்பறிவாள். என் அக்கா அதையே தொழிலாக்கிக்கொண்டாள். இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய் விபத்துகளைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்தவள், வேலையை விட்டுவிட்டு எங்கள் வீட்டு மாடியில் 'துப்பறியும் நிலையம்' என்று பலகை மாட்டிவிட்டாள். நான் உதவியாளன். அதாவது டிரைவர், டீ வாங்குகிறவன், திட்டு வாங்குகிறவன். எங்கள் கார் மெக்கானிக்கிடம் படுத்துக் கிடந்ததால் இன்றைக்கு முதல் உத்தியோகத்துக்கு மட்டும் விடுமுறை. எங்களிடம் உதவி கேட்டு வந்த அம்மாவே தன் காரில் அழைத்துப் போகிறார்.

போகிற வழியில் அவர் விஷயத்தை இரண்டாவது தடவையாகச் சொன்னார். அவர் கணவர் ஈர்ப்பு அலை ஆய்வகத்தில் நேரம் காப்பவர். எல்லோரும் அவரை நொடி சார் என்றுதான் கூப்பிடுவார்கள்.

"கல்யாணமான நாள்லேர்ந்து பார்க்கிறேன், அவர் கடிகாரம் தப்பா ஓடினதில்ல. இப்போ ஆய்வகத்துக் கடிகாரத்தை அவர் ஒழுங்காப் பார்த்துக்கலைன்னு சொல்றாங்க. மத்தியானம் விசாரணை. வேலையை விட்டே எடுத்துடுவாங்களாம். அந்த வேலை இல்லைன்னா அவர் படுத்த படுக்கையாயிடுவாரும்மா."

"எங்களைக் கூப்பிட்டது அவருக்குத் தெரியுமா?" என்றாள் அக்கா.

"தெரியாது. தெரியவும் வேண்டாம். டைரக்டர் மேடம்கிட்ட மட்டும் சொல்லியிருக்கேன்."

சாலையை ஒட்டி நீளமான மதில் சுவர் வந்தது. அதன் நடுவே ஒரு வேகத்தடை, போட்டவனுக்கு யார் மேல் கோபமோ, அவ்வளவு உயரம். ஃபிளாஸ்க் மூடியில் ஊற்றிய டீ என் கையில் இருந்தது. சட்டை போச்சு என்று கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன். திறந்தபோது வேகத்தடை எங்களுக்குப் பின்னால் இருந்தது. டீ ஒரு சொட்டுக்கூடத் தளும்பவில்லை.

"இவங்ககிட்ட வண்டி ஓட்டக் கத்துக்கடா," என்றாள் அக்கா. வந்த எரிச்சலில் டீயை ஒரே வாயில் குடித்து நாக்கைச் சுட்டுக்கொண்டேன்.

*

ஆய்வகத்துக்குள் நுழைந்ததுமே எனக்கு அந்த இடம் பிடிக்கவில்லை. வாசலில் ரப்பர் செருப்பு கொடுத்தார்கள். கதவு விளிம்பெல்லாம் பஞ்சுப் பட்டை. எல்லோரும் பூனை மாதிரி நடந்தார்கள். நான் ஒரு தும்மல் போட்டேன். அங்கிருந்தவர்கள் முதலில் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்தார்கள், அப்புறம்தான் என்னைப் பார்த்தார்கள்.

டைரக்டர் மேடம் ஒல்லியான பெண்மணி. கண்ணுக்குக் கீழே கருவளையம். எங்களைக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைத்துப் போய், கண்ணாடிக்கு வெளியே கண்ணுக்கெட்டிய தூரம்வரை ஓடும் குழாயைக் காட்டினார்.

"எங்கயோ ரெண்டு செத்த நட்சத்திரம் முட்டிக்கும். அந்த அதிர்ச்சியில இடமே நெளியும். அந்த நெளிவு இங்க வந்து சேரும்போது இந்தக் குழாயோட நீளம் துளியூண்டு மாறும். அணுவுக்குள்ள இருக்கிற கருவைவிடச் சின்ன அளவு. அதைத்தான் லேசர் வெச்சு அளக்கிறோம்."

"எங்க தெருவுல லாரி போனா எங்க வீட்டு நீளமே மாறும் மேடம்," என்றேன்.

அவர் சிரிக்கவில்லை. "அதுக்குத்தான் சுவரை ஒட்டி வேகத்தடை போடச் சொன்னோம். நொடி சார்தான் நடையா நடந்து அனுமதி வாங்கினார்."

"அவர் கடிகாரம் எதுக்கு?" என்றாள் அக்கா.

"அலை எந்தப் பக்கத்துலேர்ந்து வந்ததுன்னு ஒரு ஆய்வகத்தால சொல்ல முடியாது. ரொம்ப தூரத்துல இன்னொரு ஆய்வகம் இருக்கு. யாருக்கு முதல்ல கேட்டுது, எவ்வளவு முன்னாடி கேட்டுது, அதை வெச்சுத்தான் திசையைச் சொல்றோம். அப்போ ரெண்டு இடத்துலயும் நேரம் ஒண்ணா இருக்கணுமில்ல? போன்ல வழி காட்டுதே செயற்கைக்கோள், அதுக்குள்ள அணுக்கடிகாரம் இருக்கு. எங்க கூரையில இருக்கிற ஆன்டெனா அதைக் கேட்டுக்கிட்டே இருக்கும். அதை வெச்சு எங்க கடிகாரம் தன்னைச் சரி பண்ணிக்கும்."

"கேட்காமப் போனா?"

"உள்ளுக்குள்ள இன்னொரு கடிகாரம் தாங்கிப் பிடிச்சுக்கும். ஆனா போன மாசம் அது கேட்காமப் போய், திரும்பக் கேட்ட நேரத்துல நேரம் லேசா உதறிடுச்சு. சொல்லி வெச்ச மாதிரி அப்பத்தான் பெரிய அலை வந்துச்சு. திசையைத் தப்பாச் சொல்லிட்டோம். உலகம் பூரா தொலைநோக்கியை வேற பக்கம் திருப்பிட்டாங்க. சரியான பக்கம் திருப்பறதுக்குள்ள அந்த வெளிச்சம் அணைஞ்சு போச்சு." அவர் குரல் கம்மியது. "இன்னொரு தடவை அப்படி ஒண்ணு வர்றப்போ நான் இருப்பேனான்னு தெரியாது."

எனக்கு நட்சத்திரமும் புரியாது, உதறலும் புரியாது. ஆனால் அந்தக் குரல் புரிந்தது. கையில் கிடைத்ததைக் கீழே போட்டு உடைத்தவர்களின் குரல்.

"ஒரு தடவைதானே?" என்றாள் அக்கா.

"அப்படித்தான் நினைச்சோம். பழசையெல்லாம் எடுத்துப் பார்த்தா நிறைய தடவை நடந்திருக்கு. கடிகாரம் திடீர்னு கண்ணை மூடுது. கொஞ்சத்துல முழிச்சுக்குது. அப்புறம் ஒரு மணி நேரம் போல கழிச்சு இன்னொரு தடவை."

"ஜோடி ஜோடியாவா?"

"ஆமா. லாரிக்காரங்க வேலையா இருக்கும்னு நொடி சார் சொன்னார். வண்டி எங்க சுத்துதுன்னு முதலாளி பார்க்க டிராக்கர் மாட்டி வெச்சிருப்பார். அவர் கண்ணை மறைக்க டிரைவர் ஒரு கருவி வாங்கிச் செருகிப்பான். விரல் நீளம்தான் இருக்கும். செயற்கைக்கோள் சத்தத்தையே அமுக்கிடும். ஆனா இங்க பாருங்க."

அவர் திரையில் ஒரு கோட்டைக் காட்டினார். சுவர் ஓரமாகத் தரைக்குள் புதைத்திருக்கும் அதிர்வுமானி வரைந்த கோடு. ஒவ்வொரு லாரியும் வேகத்தடையில் ஏறியபோது கோடு துள்ளிக் குதித்திருந்தது.

"கடிகாரம் கண்ணை மூடின நேரத்துல எல்லாம் கோடு தூங்குது. ஒரு லாரி கூடப் போகலை. எங்க ஆளுங்க வண்டியா இருக்குமோன்னு நொடி சார் ஒவ்வொருத்தரையா விசாரிச்சார். தன் வீட்டுக் காரைக்கூட விடலை, டிராக்கரைப் பார்த்துட்டார். அந்த நேரத்துல அது வீட்டுல நின்னுட்டிருக்கு. அப்போ வெளியில எதுவும் இல்ல. கடிகாரத்துலதான் கோளாறு. அவர்தான் கவனிக்கலை." அவர் தலையைக் குனிந்துகொண்டார். "எனக்கு இதைச் சொல்லவே பிடிக்கலை. எனக்கு இந்த வேலையைக் கத்துக் கொடுத்ததே அவர்தான்."

நான் அக்காவின் காதைக் கடித்தேன். "பழியை அவர் தலையில கட்டிட்டு இந்தம்மா தப்பிக்கப் பார்க்குதுக்கா." அக்கா என் கையை நறுக்கென்று கிள்ளினாள். அவள் கண் திரையைவிட்டு நகரவில்லை.

"கடிகாரம் கண்ணை மூடின நேரத்தைப் பெருசாக் காட்டுங்க."

கோடு நேராக இருந்தது.

"இன்னும் பெருசா."

தட்டையான கோட்டில் இரண்டு மேடுகள் தெரிந்தன. விரிப்பில் விழுந்த சுருக்கம் போல லேசாக, ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் நல்ல இடைவெளி விட்டு.

"யாராவது நடந்து போயிருப்பாங்க," என்றார் டைரக்டர்.

"நடந்தா வரிசையா வரணும். இது ரெண்டே ரெண்டுதான். முன் சக்கரம், பின் சக்கரம். மத்த நாளும் எடுங்க."

எடுத்தார். எல்லா நாளிலும் அதே இரண்டு சுருக்கங்கள். டைரக்டர் மேடம் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"லாரியைத் தேடினீங்க, அதனால துள்ளலைத் தேடினீங்க," என்றாள் அக்கா. "நான் எத்தனையோ விபத்து கேஸ் பார்த்திருக்கேன். தன் வண்டி அடிபடக் கூடாதுன்னு மெதுவா ஏறுறவங்க உண்டு. அவங்களும் இறங்கும்போது தொப்புனு விட்டுடுவாங்க. இது ஏறினதும் மெதுவா, இறங்கினதும் மெதுவா. வண்டிக்காக இல்ல, தரைக்கு வலிக்கக் கூடாதுன்னு ஓட்டியிருக்காங்க. சுவருக்கு இந்தப் பக்கம் என்ன இருக்குன்னு தெரிஞ்சவங்க."

"எங்க எல்லாருக்கும் அந்தப் பழக்கம் உண்டு," என்றார் டைரக்டர் மெல்ல. "வீட்டு ஆளுங்களுக்கும் சொல்லிக் கொடுத்திருக்கோம்."

"கடைசியா எப்போ கண்ணை மூடிச்சு?"

அவர் விசைகளைத் தட்டினார். "இன்னிக்குக் காலையிலயும் மூடியிருக்கு. நீங்க வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

"டேய்," என்றாள் அக்கா என்னைப் பார்க்காமலே, "நாம அந்தச் சுவர்ப் பக்கம் வர்றப்போ முன்னாடி பின்னாடி எந்த வண்டி போச்சு?"

"ஒண்ணும் போகலைக்கா. ரோடு காலியாத்தான் இருந்துச்சு. நாம மட்டும்தான்…"

வாய் பாதியில் நின்றது. சுட்டுக்கொண்ட நாக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. குற்றவாளியைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு தேடுகிறோம், அந்த வண்டியில் உட்கார்ந்து டீ குடித்தவன் நான்.

*

அந்த அம்மா, கட்டிடத்திலிருந்து வெகுதூரம் தள்ளி இருந்த கார் நிறுத்துமிடத்தில், காருக்குள்ளேயே காத்திருந்தார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. அதைப் பார்க்க எனக்குச் சங்கடமாக இருந்தது.

"ஏதாவது தெரிஞ்சுதாம்மா?"

அக்கா முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். நான் பின்னால் ஏறிக்கொண்டேன். அக்கா நடுப் பெட்டியின் மூடியைத் திறந்தாள். இந்தத் தடவை யாரும் தடுக்கவில்லை. உள்ளே விரல் நீளத்தில் ஒரு கறுப்புக் கருவி செருகியிருந்தது. அதன் முனையில் சின்ன பச்சை விளக்கு.

"இது எப்பலேர்ந்து இருக்கு?"

"அதுக்கும் கேஸுக்கும் சம்பந்தமில்லம்மா. அது என் சொந்த விஷயம்."

"இது உங்க காரை மட்டும் மறைக்கலை. பக்கத்துல இருக்கிற எல்லாத்தோட காதையும் பொத்திடுது. அவர் கடிகாரமும் அதே செயற்கைக்கோளைக் கேட்டுத்தான் ஓடுது. சுவருக்கு அந்தப் பக்கம்தான் ஆன்டெனா. நீங்க வேகத்தடையில மெதுவா ஏறி இறங்கிப் போற வரைக்கும் அதுக்கு ஒண்ணும் கேட்கிறதில்ல."

அந்த அம்மா எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டார்.

"நானா?" என்றார் விரல்களுக்குள். "நானா பண்ணேன்?"

எனக்குச் சும்மா இருக்கத் தெரியாது. "யாரைப் பார்க்கப் போறதுக்கு இதெல்லாம்?" என்று கேட்டுவிட்டேன். கேட்டதும் என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அவருக்குக் கோபம் வரவில்லை. "யாரையும் இல்ல தம்பி. இந்த ரோடு முடியற இடத்துல ஒரு ஏரி இருக்கு. கரையில காரை நிறுத்திட்டு சும்மா உட்கார்ந்திருப்பேன். அப்புறம் வீட்டுக்குப் போயிடுவேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். பாதுகாப்புக்குன்னு அவர் இந்தக் கார்ல டிராக்கர் மாட்டினார். சாயந்திரம் வந்து கேட்பார். மருந்துக் கடையில நாலு நிமிஷம் ஆகுமே, இன்னிக்கு ஏன் ஒன்பது நிமிஷம்னு. திட்ட மாட்டார், சந்தேகமும் படமாட்டார். அன்பாத்தான் கேட்பார். அளந்து பார்க்கலைன்னா அவருக்குத் தூக்கம் வராது. நானும் சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். ஒரு நாள் கடையில இதைப் பார்த்தேன். இதைச் செருகினா கார் வீட்டுலயே நிக்கிற மாதிரி அவருக்குக் காட்டும்னு சொன்னாங்க. நான் எங்க இருக்கேன்னு யாருக்கும் தெரியாம ஒரு மணி நேரம். எனக்கு அது போதும்னு இருந்துச்சு." கண்ணைத் துடைத்துக்கொண்டார். "இன்னிக்கு உங்களைக் கூட்டிட்டு வர்றது தெரியக் கூடாதுன்னுதான் செருகினேன்."

நான் பத்துக் கள்ளக்காதலைத் தாங்கியிருப்பேன், இந்த ஏரியைத் தாங்க முடியவில்லை.

"யாரோ ஒரு லாரிக்காரன்னு சொல்லிடுங்களேன்," என்றார் அந்த அம்மா திடீரென்று. "அவரும் அப்படித்தானே நினைக்கிறார். நான் இதைத் தூக்கி ஏரியில போட்டுடறேன். இனிமே நடக்காது."

"லாரி போகலைன்னு தரையே சாட்சி சொல்லுதே. நான் வாயால சொன்னா யார் நம்புவாங்க?" அக்காவின் குரல் இறங்கியிருந்தது. "என்னை வேலைக்கு வெச்சது நீங்க. நீங்க சொல்லச் சொன்னாத்தான் சொல்வேன். ஆனா நான் சொல்லலைன்னா அவர் கதை இன்னிக்கு முடிஞ்சது."

"சொன்னா என் கதை முடிஞ்சது."

அக்கா பெட்டியின் மூடியிலிருந்து கையை எடுத்துக்கொண்டாள். அந்த அம்மாவே கருவியைப் பிடுங்கினார். பச்சை விளக்கு அணைந்தது. அதைக் கைக்குள் மூடிக்கொண்டு காரைவிட்டு இறங்கினார்.

*

விசாரணை அறையில் டைரக்டரும் வெளியிலிருந்து வந்த இரண்டு அதிகாரிகளும் இருந்தார்கள். எதிரே நொடி சார். இஸ்திரி போட்ட சட்டை, இரண்டு மணிக்கட்டிலும் ஒவ்வொரு கடிகாரம். "ஒரே கடிகாரத்தை மட்டும் என்னிக்கும் நம்பக் கூடாதுங்க," என்று அதிகாரிகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். "அதைத்தான் நான் எல்லாருக்கும் சொல்லிக் கொடுத்தேன்." மனைவியைப் பார்த்ததும் எழுந்து நின்றார்.

அந்த அம்மா கருவியை மேசைமேல் வைத்தார்.

"கடிகாரத்தை மறைச்சது இதுதான். என் கார்ல இருந்துச்சு. நான்தான் வெச்சேன்."

நொடி சார் அதை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மெல்ல மாறியது. கண்ணில் வெளிச்சம் வந்தது. டைரக்டர் பக்கம் திரும்பிச் சிரித்தார், பரீட்சையில் தேறிய பையன் மாதிரி.

"அப்போ என் கடிகாரம் தப்பு பண்ணலை. நான் சொன்னேன் பாருங்க. இதுதான். இது அமுக்கியிருக்கு. என் கடிகாரம் தப்பே பண்ணலை."

டைரக்டர் மேடம் அழுதேவிட்டார். அதிகாரிகளில் ஒருவர் நொடி சாரின் கையைக் குலுக்கினார். அந்தக் கை குலுக்கலின் நடுவில்தான் நொடி சாரின் சிரிப்பு நின்றது.

"இல்லையே," என்றார் மனைவியைப் பார்த்து. "உன் கார் அந்த நேரமெல்லாம் வீட்டுலதானே நின்னுச்சு. நான் பார்த்தேனே."

"போன்ல அந்தப் புள்ளியை மட்டும்தான் பார்த்தீங்க," என்றார் அந்த அம்மா.

"எங்க போன?"

அதட்டல் இல்லை. அன்பாகத்தான் கேட்டார். அந்த அம்மா கார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். கதவு சத்தமில்லாமல் மூடியது. அந்த இடத்தில் கதவை அறைந்து சாத்த யாருக்கும் பழக்கமில்லை.

கொஞ்ச நேரம் கழித்து, விசாரணைக்காகச் சுவர்த் திரையில் பெரிதாக்கி வைத்திருந்த அதிர்வுமானிக் கோடு லேசாக நெளிந்தது. இரண்டே சுருக்கம். இவ்வளவுக்கும் பிறகும் அவர் அந்த வேகத்தடையில் அப்படித்தான் ஏறி இறங்கியிருக்கிறார்.

அதிகாரிகள் போய்விட்டார்கள். டைரக்டர் அவர்களை வழியனுப்பப் போனார். நொடி சார் போனை எடுத்து மேசைமேல் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். கருவி அவர் முன்னாலேயே கிடந்தது. அதனால் புள்ளி இப்போது ஒளிவு மறைவில்லாமல் நகர்ந்தது. சாலை முடிகிற இடத்தில் போய் நின்றது.

"இங்க என்ன இருக்கு?" என்று எங்களைக் கேட்டார்.

"ஏரி சார்," என்றாள் அக்கா.

"யாரு இருக்கா அங்க?"

"யாரும் இல்ல."

"அப்புறம் எதுக்குப் போறா?"

அதற்கு அக்காவிடம் பதில் இருந்தது. எனக்கும் தெரிந்திருந்தது. ஆனால் அது அந்த அம்மாவின் ஏரி. அக்கா வேறு ஒன்று கேட்டாள்.

"அந்த டிராக்கரை நிறுத்தணும்னா எவ்வளவு நேரம் ஆகும் சார்?"

"அதுக்கென்ன," என்றார் அவர், திரையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். "ஒரு நொடி ஆகும்."

கட்டை விரலைப் போனுக்கு மேலே கொண்டுபோனார். அக்கா காத்திருந்தாள். நானும் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அக்கா என் தோளைத் தொட்டாள். கதவை மெதுவாகச் சாத்திவிட்டு வெளியே வந்தோம்.

கண்ணாடி வழியாகத் திரும்பிப் பார்த்தேன். அவர் இன்னும் அந்த விரலை இறக்கவில்லை.